குக்கர் போயாச்சுங்க

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குக் காலையில் தூக்குப்போசியோடு போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு திரும்புவார்கள். ஒன்று, இன்றைக்குப் பால் எப்படி இருந்தது என்பது. இன்னொன்று, அடுத்து வரும் கல்யாணத்துக்குத் தாங்கள் என்ன பரிசு கொடுக்கப்போகிறோம் என்பது. இரண்டையும் சொல்கிறவர் ஒரே ஆள்தான். பால் அளக்கிற அக்கா.

சேலைக்கு மேலே தன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். லாக்டோமீட்டர் மிதக்கும் குழலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபடியே, எதிரில் நிற்கிறவரின் பக்கம் திரும்பாமல் பேசுவார்.

“ஏனுங் மாமா, கெழக்கு வளவுக் கல்யாணத்துக்குக் குக்கரு வாங்கிப்போடாதீங்க. குக்கர் போயாச்சுங்க.”

“போயாச்சா? ஆரு எடுத்தாங்க?”

“டிரைவரண்ணன் ஊட்டுல எடுத்தாச்சுங்க. உங்களுக்கு இட்டிலிச் சட்டி வெச்சிருக்கறனுங்க.”

மாமா தலையைச் சொறிந்துகொண்டு போவார். அவர் வீட்டில் குக்கர் ஏற்கெனவே வாங்கி, கலர் பேப்பர் சுற்றி, ரிப்பனும் கட்டியாகிவிட்டது என்பது அவர் நடையிலேயே தெரியும். மறுநாள் அது கடைக்குத் திரும்பிப் போய் இட்டிலிச் சட்டியாக மாறி வரும். அக்கா ‘போயாச்சு’ என்று சொல்லிவிட்டால் போனதுதான்.

இப்போதெல்லாம் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்கு வேண்டியதை இணையத்தில் குறித்து வைத்துவிடுகிறார்களாம். ஒருவர் ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு அது கிடைக்காதாம். என்னோடு வேலை செய்கிற பெண் போனில் இதைக் காட்டி, பெரிய அதிசயமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அந்த அதிசயம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காலையும் மாலையும் பால் அளந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் ஆரம்பம் அக்காவுடைய தம்பியின் கல்யாணம். வீட்டுக்கு வீடு மாடு இருக்கிற ஊர். பால்காரர்கள் மனதுக்கு உகந்த பரிசு எது? விசில் அடிக்கிற பால் குக்கர். ஆளாளுக்கு அதைத் தனக்கு மட்டுமே உதித்த யோசனை என்று நினைத்து வாங்கி வந்திருக்கிறார்கள். புதுப்பெண் பிரிக்கப் பிரிக்கப் பால் குக்கராக வந்ததாம். சோறு வடிக்க ஒரு குண்டா இல்லை, குழம்புக்கு ஒரு சட்டி இல்லை. நாலைந்து பெட்டிக்கு மேல் அவள் பிரிப்பதை நிறுத்திவிட்டு அழுதேவிட்டாள்.

“அத்தனையும் ஒரே சமயத்துல அடுப்புல வெச்சமுன்னா, ரயிலு வந்துருச்சுன்னு கொல்லங்கோட்டுல ரயில்வே கேட்டச் சாத்திப்போடுவாங்க” என்று அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தப் பெண் அழுதது அவர் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் ஒரே பண்டம் இரண்டு போகக்கூடாது என்பதை அவர் ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய முறை எளிமையானது. தாம்பூலம் மாற்றிய செய்தி வந்ததும் முதலில் கல்யாண வீட்டுக்குப் போவார். பெண்ணையோ மாப்பிள்ளையையோ எதிரில் உட்காரவைத்து, “உனக்கு என்ன வேணும்?” என்று நேராகக் கேட்பார். எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்பதும் வழக்கமில்லை, கேட்டால் பதில் சொல்வதும் வழக்கமில்லை. வாய்விட்டுக் கேட்டால் ஆசைப்பட்டதாகிவிடும். அதனால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைச் சொல்வார்கள்: “எதுனாலும் செரிங்கக்கா.”

“எதுனாலும் செரின்னா ஒன்னும் வேண்டாமுன்னு அர்த்தம். ஒன்னும் வேண்டாதவங்க எதுக்குக் கல்யாணம் பண்றீங்க?” என்பார் அக்கா. கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடமாட்டார். அது ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தவர் காப்பி குடிக்காமல் இருந்தால் வீட்டுக்காரர்களுக்கு உயிர் போய்விடும். கடைசியில் அம்மாக்காரி பெண்ணைக் கிள்ளி, “சொல்லித் தொலையே” என்பாள். பெண் வாயைத் திறந்து மிக்சி என்றோ பீரோ என்றோ சொன்ன பிறகுதான் டம்ளர் அக்காவின் கைக்கு ஏறும்.

அவர் எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று அவருக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான் எந்த வீட்டுக்கு எந்தப் பாத்திரம் போனது என்பதும்.

எல்லாரும் அடங்கிப்போனார்கள் என்று சொல்லமுடியாது. பெரிய தோட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். தென்னந்தோப்பு, நெல் வயல், மீசை எல்லாமே கொஞ்சம் பெரிது. ஒரு கல்யாணத்துக்கு அவர் குத்துவிளக்குதான் தருவேன் என்று நின்றார். “என்ற காசு, என்ற இஷ்டம். நீயாரு சொல்றக்கு?” என்று சொசைட்டி வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

சிக்கல் என்னவென்றால், அவருடைய தம்பி அதே கல்யாணத்துக்கு ஏற்கெனவே குத்துவிளக்கைப் பிடித்துவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. வரப்பில் நின்ற ஒரு தென்னை யாருக்கு என்பதில் வந்த சண்டை. அந்தத் தென்னை இடி விழுந்து கருகிப்போய்ப் பல வருஷமாயிற்று, சண்டை மட்டும் பசுமையாக நின்றது.

அக்கா குழலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “தாராளமாக் குடுங்க மாமா. ஆனா ஒன்னு, நான் சொல்ற கடையில, நான் சொல்ற உசரத்துல வாங்கோணும்” என்றார். தம்பியிடமும் இதையே சொன்னார். கல்யாண மேடையில் அண்ணன் வலது பக்கமாக ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இடது பக்கமாகத் தம்பி ஏறினார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த விளக்கு. ஒற்றை விளக்கை யாராவது மங்கல காரியத்துக்குத் தருவார்களா? ஜோடியாகத்தான் தரவேண்டும். போட்டோக்காரர் விஷயம் தெரியாதவர். “அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க, வெளக்கு ஜோடியா வரட்டும்” என்று கத்தினார். மேடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. இறங்கும்போது அண்ணனுக்குக் கால் தடுக்க, தம்பி அவர் கையைப் பிடித்துவிட்டார். பேச்சு அன்றைக்கே வந்துவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் இரண்டு வீட்டுப் பாலும் ஒரே வண்டியில் வந்தது.

“ஒரே பண்டம் ரெண்டு போகக்கூடாதுன்னு சொன்னீங்களே அக்கா?” என்று நான் சீண்டினேன்.

“அது ரெண்டு இல்ல. ஒரு ஜோடி. கணக்குத் தெரியாதவளுக்கெல்லாம் பி.எஸ்.சி. வேலைப் பரீட்சை ஒரு கேடா?” என்றார்.

அந்தப் பரீட்சைதான் என் கதை. நான் அக்காவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் படித்து முடித்து, அரசாங்க வேலைக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“உனக்கு என்ன வேணும்?”

நான் காப்பி ஆறும்வரை காக்கவைக்கவில்லை. “மேசைங்கக்கா. படிக்கற மேசை. இழுப்பறை வெச்சது” என்றேன்.

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “கல்யாணப் பொண்ணு மேசை கேக்கறதா? சம்பந்தியூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?”

“படிக்கறக்குன்னு நெனப்பாங்க. மேசைய வெச்சு வேறென்னத்த நெனக்கறது?” என்று சொல்லிவிட்டு அக்கா காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

எங்கள் வளவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தேக்கில் மேசை செய்து, மாலை போட்டு மண்டபத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். என் மாமியார் சாப்பாட்டு மேசை என்றே முதலில் நினைத்து, நாற்காலி எங்கே என்று கேட்டார். அந்த மேசையில் படித்துத்தான் தாலுக்காபீசில் கிளார்க் ஆனேன். இதையும் அதே மேசையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் நாற்பதைத் தாண்டிவிட்டார். யாராவது அதைச் சோகமாகப் பேச ஆரம்பித்தால், அவர்கள் பாலில் தண்ணீர் அதிகம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அப்பா காலமான பிறகு, ஒருநாள் காந்தலூரிலிருந்து ஒருவர் மாடு வாங்க வந்தார். மலையில் பூண்டும் கேரட்டும் பயிரிடுகிறவர். அவரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே காலத்தை ஓட்டியவர். ஊர்க்காரர்கள் நல்ல மாடு என்று சொல்லி அவர் தலையில் ஒன்றைக் கட்டப் பார்த்தார்கள். அக்கா பால் அளந்துகொண்டே குரல் கொடுத்தார்.

“அது வேண்டாமுங்க. மலைக் குளுருக்கு அது தாங்காதுங்க. உங்களுக்கு எப்படிப்பட்ட மாடு வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. மாடு பார்க்க வந்தவர் அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தார்.

ஊரே சந்தோஷப்பட்டது. பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. அக்கா கல்யாணத்துக்கு யார் என்ன கொடுப்பது? யாரைப் போய்க் கேட்பது? பெரிய தோட்டத்துக்காரரே என்னிடம் வந்து, “படிச்ச புள்ள, நீயே பாத்துக்க” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

மாலைப் பால் முடிந்து, அக்கா கேன்களைக் கழுவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் செய்வது போலவே நேராகக் கேட்டேன்.

“உங்களுக்கு என்ன வேணுங்கக்கா?”

“எதுனாலும் செரி கண்ணு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எதுனாலும் செரின்னா ஒன்னும் வேண்டாமுன்னு அர்த்தம். நீங்கதான சொல்லுவீங்க?”

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “ஒரு நாளைக்கு ரெண்டு நேரம் இந்த ஊரு மொகம் அத்தனையும் பாக்கறன். மல மேல போயிட்டா ஆரு வரப்போறாங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், நெல்லுக்குத் தண்ணி கட்டோணும், அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி. போறது போறதுதான். பண்டம் எதுனா என்ன, விடு.”

மறுபடி குழாயைத் திறந்துவிட்டார். கடையில் கிடைக்காத ஒன்றை அவர் கேட்கிறார் என்பது புரிந்தது. அதை எந்தக் கலர் பேப்பரில் சுற்றுவது?

வேறு வழி தெரியாமல் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தேன். இவருக்குக் குக்கர், அவருக்கு மிக்சி, இன்னொருவருக்கு அண்டா. நான் என் பங்குக்கு, மலைக்கு ஏற்றது என்று யோசித்து, வெந்நீர் போடுகிற கீசர் வாங்கினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். எல்லாரும் நான் சொன்னதற்கெல்லாம் “ஆகட்டும் ஆகட்டும்” என்றார்கள். அத்தனை பேர் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்யாணம் வைகாசியில், சித்தூர் மண்டபத்தில். தலைக்கு மேலே அத்தனை மின்விசிறி சுற்றியும் ஐயர் வேட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. நான் அக்காவின் பக்கத்தில் நின்று பரிசுகளை வாங்கி வைத்தேன். முதலில் வந்தது ஒரு கம்பளி. நல்ல தடி, சிவப்பு நிறம். அக்கா புன்னகைத்தார். அடுத்ததும் கம்பளி. அதற்கடுத்து பஞ்சு வைத்துத் தைத்த ஒரு ரஜாய். குக்கர் கொண்டுவர வேண்டியவர் கம்பளி கொண்டுவந்தார். அண்டாவுக்குச் சொன்னவரும் கம்பளி. பெரிய தோட்டத்துக்காரரும் தம்பியும் ஒன்றாக மேடை ஏறி, ஆளுக்கொரு கம்பளி நீட்டினார்கள்.

நான் கீழே இறங்கி ஒருவரைப் பிடித்து உலுக்கினேன். “குக்கருதான சொன்னேன்?”

“குக்கரு ஆராச்சும் குடுப்பாங்க கண்ணு. பாவம், வெயில்ல பொறந்து வளந்த புள்ள. அங்க குளுருல வெறைச்சுப்போகுமேன்னு...”

எல்லார் வாயிலும் இதே பதில். வருஷம் பூராவும் வேர்த்துக்கொண்டிருக்கிற எங்கள் ஊருக்குக் குளிர் என்பது கேள்விப்பட்ட சமாச்சாரம். கேள்விப்பட்டது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கம்பளி ஏது? ஒவ்வொருவராக ரகசியமாகப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறியிருக்கிறார்கள். ஒரு கடையில் இரண்டு பேர் எதிரெதிரே பட்டு, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். கடைக்காரர், “உங்கூர்ல பனி கொட்டுதுங்களா?” என்று கேட்டாராம்.

மேடையில் மணமக்கள் உயரத்துக்குக் கம்பளி ஏறிவிட்டது. போட்டோக்காரருக்குப் பார்க்கப் பார்க்க வேர்த்தது. ஒரே பண்டம் இரண்டு வந்தாலே பொறுக்காத அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள்.

அக்கா அந்தக் குவியலைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, மை கரைந்து இறங்க, மாலை குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு எழுந்து, சொசைட்டி வாசலில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“ஏனுங் பெரிய மாமா! இங்க வாங்க. இதுல எது உங்க கம்பளி?”

அவர் பயந்துகொண்டே ஒரு பச்சைக் கம்பளியைக் காட்டினார்.

“செரி. இது உங்களுது. நான் கொண்டுபோயி அங்க வெக்கறன். நீங்க வந்து போத்திக்கோணும்.”

“எனக்குக் குளுரு ஆகாதே அம்மிணி...”

“அதுக்குத்தானுங்க கம்பளி! எனக்கு ஒன்னு போதும், அவருக்கு ஒன்னு போதும். மிச்சமெல்லாம் அவங்கவங்க வந்து போத்திக்கோணும். வரலீன்னு வெச்சுக்குங்க, பஸ்ஸுல திருப்பி அனுப்பிப்போடுவேன். அப்பறம் வைகாசி வெயில்ல நீங்களே போத்திட்டுப் படுங்க.”

ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, அவரவர் கம்பளியைத் தொடவைத்து, வருகிறேன் என்று வாயால் சொல்லவைத்துத்தான் சாப்பிடப் போகவிட்டார். தோட்டத்துக்காரரின் தம்பி கடனே என்று முணுமுணுத்தார். “சத்தமாச் சொல்லுங்க” என்றார் அக்கா. அன்றைக்குப் பந்தி வெகுநேரம் காத்துக்கிடந்தது. காத்திருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

சொன்னபடியே போகவும் போனார்கள். சில பேர் தைப்பொங்கல் கழிந்து, சில பேர் அறுப்பு முடிந்து. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி ஏறினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே காரில் போய்வந்து, அக்கா வீட்டுப் பூண்டுக் குழம்பைப் பற்றி ஒரே குரலில் பேசினார்கள். எனக்குத்தான் தள்ளிக்கொண்டே போயிற்று. திருச்சூர்ப் பக்கம் மாற்றல், குழந்தைக்குக் காய்ச்சல், லீவு இல்லை. அக்கா போன் பண்ணும்போதெல்லாம் ‘வருகிறேன்’ என்பேன்.

போன வருஷம்தான் போனேன். மத்தியானமே மூடுபனி இறங்கி, எதிரில் கேரட் வயல் தெரியவில்லை. சேலைக்கு மேலே அதே முழுக்கைச் சட்டை, அதற்கு மேலே ஒரு ஸ்வெட்டர். அக்கா இங்கேயும் பால் கறந்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு யார் என்ன கொடுப்பது என்ற பஞ்சாயத்தும் ஆரம்பமாகிவிட்டது என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

நான் குளிரில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன். அக்கா அலமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை கம்பளி. ஒவ்வொன்றின் மூலையிலும் துணித்துண்டில் பெயர் தைத்திருந்தது. பெரிய மாமா. டிரைவரண்ணன் வீடு. ஊரே அங்கே மடித்து அடுக்கியிருந்தது.

“எதுங்கக்கா எடுக்கட்டும்?”

“எதையும் எடுக்கக்கூடாது. இதெல்லாம் அவங்கவங்களுது. உனக்கு இங்க கம்பளி கெடையாது. நீதான் புத்திசாலியாச்சே, கீசரு குடுத்தவளாச்சே. போயி வெந்நீல உக்காந்துக்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஊரே இருக்கிற அலமாரியில் நான் மட்டும் இல்லை.

அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, ஒரு கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார். பழுப்பு நிறம், புதுவாசம் போய் நாஃப்தலின் வாசம் ஏறியிருந்தது.

“இது ஆரு குடுத்ததுங்கக்கா?”

“ஆரும் குடுக்கல. நான் இங்க வந்த மொத வாரமே மறையூர் போயி வாங்கினேன்.”

“அத்தன கம்பளி இருக்கறப்பவா? இன்னொன்னா?” என்றேன். ஒரே பண்டம் இரண்டு வரக்கூடாது என்று ஊரையே ஆட்டிவைத்த மனுஷி.

“இன்னொன்னு இல்ல கண்ணு” என்று அக்கா மூலையைத் திருப்பிக் காட்டினார். அங்கே என் பெயர் தைத்திருந்தது, நூல் வெளுத்துப்போய். “நீ சொல்லு, ஏன் இத்தன நாளு?”